வாய்க்கால் கரையில் சைக்கிளுக்கு ஒரு முழம் வழி விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை வந்தால் போதும், ஊட்டி, ஏற்காடு, கொடைக்கானல் என்று பக்கம் பக்கமாகப் போட்டு விடுகிறீர்கள். இ-பாஸ் எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையத்தில் காரை வரிசையில் போட்டு உட்கார்ந்திருக்கும் ஜனங்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது. நான் ஈரோட்டுக்காரன். மஞ்சள் மண்டியில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு எழுதிவிட்டு இப்போது சும்மா இருக்கிறேன். சும்மா இருக்கிறேன் என்று என் வீட்டுக்காரம்மாதான் சொல்வார், நான் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்வேன். நம் கொங்கு நாட்டில் சைக்கிளில் சுற்றிப் பார்ப்பதற்கென்றே செய்து வைத்தது மாதிரி நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு வழி கிடக்கிறது, அதை யாரும் வழி என்றே நினைப்பதில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், வெட்டுவதாக இருந்தால் யானைக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள், லஸ்கர் கதையை விட்டுவிடுங்கள்.

நான் சொல்வது வாய்க்கால் கரை. பவானிசாகரில் ஆரம்பித்து 200 கிலோமீட்டர் ஓடுகிற கீழ்பவானி வாய்க்கால், கொடிவேரியில் இரண்டு பக்கமும் பிரிகிற தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள், பவானி ஊரை ஒட்டிய அணையிலிருந்து கொடுமுடிப் பக்கம் ஆவுடையார்பாறை வரைக்கும் போகிற காலிங்கராயன் வாய்க்கால். நாலும் ஒரே பவானி ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கிற வாய்க்கால்கள்தான். நாலின் கரையிலும் அநேகமாக ஒரு மண் பாதை இருக்கிறது. மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர்கள் போய்வர, கரை உடைந்தால் மண் வண்டி போக என்று அன்றைக்கே விட்டு வைத்த பாதை.

இதில் சைக்கிள்காரனுக்கு என்ன லாபம் என்றால், வாய்க்கால் மேடு ஏறாது. தண்ணீர் மாதிரி சோம்பேறி உலகத்தில் கிடையாது, ஒரு சின்னக் கரடு எதிரே வந்தால்கூட ஏறிக் கடக்காமல் இடுப்பைச் சுற்றிக்கொண்டு போகும். பவானி அணையிலிருந்து கொடுமுடிக்கு ரோட்டில் போனால் அறுபது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும், காலிங்கராயன் வாய்க்கால் அதே இடத்துக்கு 56 மைல், அதாவது தொண்ணூறு கிலோமீட்டர் வளைந்து நெளிந்து போகிறது. லாரிக்காரனுக்கு அது நஷ்டம். என்னை மாதிரி முழங்கால் தேய்ந்தவனுக்கு அந்த முப்பது கிலோமீட்டர் கொசுறு. வழி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத இறக்கம், வழி முழுக்க அநேகமாக நிழல், தாகம் எடுத்தால் எட்டின தூரத்தில் ஒரு தென்னந்தோப்பு. எதிரே பஸ் வந்து ஹாரன் அடித்துக் கரையில் இறக்கிவிடாது என்பது ஒன்றே போதும் எனக்கு.

இந்தத் தை மாதம் பொங்கல் முடிந்த கையோடு நானும் என் அக்கா மகனும் மூன்று நாள் போய்வந்தோம். அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக் கட்டிங்குக்கும் டெலிவரி தேதிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்திருந்தே முடி கொட்டிப்போனவன். என்னுடையது 22 இஞ்ச் கருப்பு சைக்கிள், கேரியர், ஸ்டாண்டு, பெல் எல்லாம் உண்டு, கியர் கிடையாது. அவனுடையது அரை லட்ச ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவான கியர் சைக்கிள், பெல் கிடையாது. "மாமா, உங்க சைக்கிள்ல இத்தனை தூரம் வர முடியாதுங்க மாமா" என்று ஈரோட்டில் சொன்னவன், பவானிசாகர் தாண்டி ஐந்தாவது கிலோமீட்டரிலேயே பஞ்சர். வேலிக்காத்தான் முள். அவன் டயர் என் கட்டைவிரல் அகலம்கூட இல்லை. உப்புத்தாள், சொல்யூஷன், பேட்ச் மூன்றும் என் பையில்தான் இருந்தன, அவனிடம் ஒரு ஆப் இருந்தது. மூன்று நாளில் அவனுக்கு நாலு பஞ்சர், எனக்கு ஒன்று. கணக்கு எழுதிப் பழகிய கை, நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

பவானிசாகருக்குச் சைக்கிளைக் குட்டியானையில் ஏற்றிக் கொண்டுபோனோம். குட்டியானை என்றால் வண்டி. நிஜ யானையும் அங்கே உண்டு, அதனால் பொழுது நன்றாகக் கிளம்பிய பிறகுதான் கரையில் இறங்கினோம். அந்தப் பக்கம் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தை ஒட்டிய இடம், விடியக் கருக்கலில் சைக்கிளில் போகிற வேலையெல்லாம் வேண்டாம் என்று டீக்கடைக்காரர் சொன்னார், சொன்ன விதத்திலேயே புரிந்துவிட்டது. நாங்கள் பார்த்தது யானை அல்ல, சாணிதான். அதுவும் காய்ந்தது. யானைக் கதை அவ்வளவுதான்.

கீழ்பவானி வாய்க்கால் தொடங்குகிற இடத்தில் அதை வாய்க்கால் என்று சொல்ல மனசு வராது, ஆறு மாதிரி இருக்கிறது. முழு அளவுக்குத் திறந்தால் விநாடிக்கு 2,300 கன அடி போகும். 1948இல் வேலை ஆரம்பித்து 1955இல் முடிந்த அணை. அந்தக் காலத்தில் ஈரோட்டு எம்.எல்.ஏ.வாக இருந்த ஈஸ்வரன் என்கிற சுதந்திரப் போராட்டத் தியாகி, இந்தத் திட்டத்துக்காக நின்று போராடியதை எங்கள் ஊரில் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் இதை நம்பி இருக்கிறது, பாதிக்கு ஒரு போகம், மறு பாதிக்கு அடுத்த போகம் என்று முறை வைத்துத்தான் தண்ணீர்.

இதெல்லாம் படித்தே தெரிந்துகொள்ளலாம். கரையில் சைக்கிளில் போனால்தான் தெரிகிற ஒன்று இருக்கிறது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், அதாவது ஆற்றுப் பக்கம், வாழை, மஞ்சள், கரும்பு, நெல் என்று பச்சை கண்ணைக் குத்தும். அந்தப் பக்கம் மேட்டாங்காடு, பனைமரம், வேலாமரம், காய்ந்த சோளத்தட்டு, கிளுவை வேலிக்குள் நாலு எருமை. நடுவில் ஒரு வாய்க்கால் அகலத்துக்குத் தண்ணீர்தான். ஒரு பக்கத்துப் பையன் இன்ஜினியரிங் படித்தான், எதிர்ப்பக்கத்துப் பையன் தறிக்குப் போனான் என்று எங்கள் தலைமுறையில் எத்தனையோ வீட்டுக் கதையை அந்த வாய்க்கால் அகலம்தான் எழுதியது. காரில் பாலத்தைக் கடக்கும்போது மூன்று விநாடியில் இரண்டும் போய்விடும். சைக்கிளில் நாள் முழுக்க இடது கண்ணில் நன்செயும் வலது கண்ணில் புன்செயுமாகப் போகலாம்.

அப்புறம் மேட்டாங்காட்டுக் கிணறுகளுக்கும் வாய்க்கால்தான் கசிவில் தண்ணீர் கொடுக்கிறது என்பதை அந்தப் பக்கத்துக்காரர்கள் சொல்லக் கேட்க வேண்டும். வெள்ளோட்டுப் பறவைகள் சரணாலயத்துக் குளம்கூட இந்தக் கீழ்பவானித் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைச் சேர்க்கிற ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த குளம் அது. வாய்க்காலுக்கு கான்கிரீட் போடலாமா கூடாதா என்று 709 கோடி ரூபாய்த் திட்டத்தை வைத்து இரண்டு தரப்பாக நின்று போராட்டம் நடந்ததை உங்கள் பேப்பரிலும் போட்டீர்கள். கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் போய்ச் சேர வேண்டும் என்பதும் நியாயம், கசிவை நம்பின கிணற்றுக்காரன் பயப்படுவதும் நியாயம். அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. கரையில் நிற்கிற மரத்துக்காக மட்டும் பேசுகிறேன். புங்கன், வேம்பு, புளி, அத்தி என்று அறுபது எழுபது வருடம் வளர்ந்த மரம், அதை வெட்டிவிட்டு நாலு அடிக் கன்று நட்டுக் கூண்டு போட்டால் நிழலுக்கு நான் எங்கே போவேன்?

கொடிவேரிக்கு மதியம் வந்து சேர்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை வேறு. கொடிவேரியைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், அருவி மாதிரி விழுகிற தண்ணீரில் குளித்துவிட்டுப் பொரித்த மீன் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அது 1125இல் கட்டின அணை என்று அங்கே குளிக்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று என் மாப்பிள்ளையிடம் கேட்டேன். "உங்களுக்கே போன வாரந்தானுங்களே மாமா தெரியும்" என்றான். சரி. ஆனால் ஒன்று, அந்தக் கூட்டத்தில் ஒருத்தர்கூட அணையிலிருந்து இரண்டு பக்கமும் பிரிந்து போகிற வாய்க்காலை எட்டிப் பார்க்கவில்லை. 24,504 ஏக்கருக்குத் தண்ணீர் கொண்டுபோகிற இரண்டு வாய்க்கால். அருவியில் நின்றால் அரை மணியில் சளி பிடிக்கும், தடப்பள்ளி வாய்க்கால் கரையில் பொழுதோடு கோபி வரைக்கும் சைக்கிள் மிதித்தால் வருகிற சுகம் வேறு. நடவு முடிந்த வயல், கொக்கு, பாரியூர்ப் பக்கத்துத் தென்னை, வடக்கே நீலமாக மலை. கோபியை ஏன் சின்னக் கோடம்பாக்கம் என்று சொல்லி அத்தனை சினிமாக்காரர்கள் வந்தார்கள் என்று அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

கரையில் எங்களைப் பார்த்தவர்கள் எல்லாரும் நிறுத்தி விசாரித்தார்கள். புல்லுக்கட்டு சுமந்து வந்த ஒரு அம்மா, வயது எழுபது இருக்கும், "ஏஞ்சாமி, ஊட்டுல மோட்டார் வண்டி இல்லீங்களா, இந்த வெயில்ல எதுக்கு இப்படி மிதிச்சுட்டுப் போறீங்க?" என்றார். சும்மா ஊர் பார்க்க என்றேன். "ஊர்ல என்னத்தைப் பாக்கறது, வந்து ஒரு வாய் மோர் குடிச்சுட்டுப் போங்க" என்று கூட்டிக்கொண்டு போனார். மோர் வந்தது, அப்புறம் கம்மஞ்சோறு வந்தது, அப்புறம் பேத்திக்கு வரன் பார்க்கிற கதை வந்தது. ஜாதகம் எல்லாம் கேட்டார், என் மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது என்று சொல்லித் தப்பித்தோம்.

மறுநாள் கவுந்தப்பாடிப் பக்கம். அங்கே கரும்பு ஆலைகள் ஓடிக்கொண்டிருந்தன. கொப்பரையில் பாகு கொதிக்கிற வாசனை அரை கிலோமீட்டருக்கு முன்னாலேயே வந்து ஆளை இழுக்கும். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற நாட்டுச்சர்க்கரை இங்கிருந்துதான் போகிறது. சுடச்சுடப் பாகை வெற்றிலை மாதிரி ஒரு கரும்புச் சோகையில் வைத்துக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. இருபது கிலோமீட்டருக்கு அதுவே பெட்ரோல்.

இனி குறைக்கு வருகிறேன்.

ஓரிடத்தில், எந்த வாய்க்கால் எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை, சொன்னால் அங்கே வேலை செய்கிற சின்ன ஆளுக்குத்தான் அடி விழும், கரையில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். வெளியாட்கள் வரக்கூடாது என்று போர்டு. சரி, மண் திருடுகிறவர்களைத் தடுக்கப் போட்டிருப்பார்கள், நியாயந்தான் என்று சுற்றிப் போக வழி தேடினால், கரைக்குக் கீழே டிப்பர் லாரி போய்ப் போய்ப் போட்ட தடம் ஒன்று பளபளவென்று கிடக்கிறது. லாரி சுற்றிப் போய் மறுபடி கரையில் ஏறியிருக்கிறது! பூட்டு யாருக்கு என்று புரியவில்லை. முன்னொரு தடவை இதே மாதிரி இன்னொரு இடத்தில் மாட்டிக்கொண்டு, முறைப்படி கேட்டுவிடலாம் என்று ஒரு அலுவலகத்துக்குப் போனேன். மனு எழுதிக் கொடுங்கள் என்றார்கள், கொடுத்தேன். எதற்காகப் போகிறீர்கள் என்று ஒரு கட்டம் இருந்தது, 'பார்க்க' என்று எழுதினேன். அதைப் படித்தவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வாய்க்காலில் விஷம் கலக்க வந்தவனைப் பார்க்கிற பார்வை. அந்த மனு இன்னும் அங்கேதான் தூங்குகிறது, இரண்டு வருடம் ஆகிறது.

இந்தத் தடவை லஸ்கர் ஒருவர் வந்தார். அவரும் சைக்கிளில்தான் வந்தார், கேரியரில் மண்வெட்டி. எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, "நான் மதகுப் பக்கம் திரும்பி நிக்கறனுங்க, நீங்க தூக்கிட்டுப் போயிருங்க, நான் பாக்கலீங்க" என்றார். தூக்கிக்கொண்டு போனோம். என்னுடைய சைக்கிள் இருபது கிலோ, மாப்பிள்ளையுடையது பத்து கிலோ. அன்றைக்கு ஒரு நாள்தான் கியர் சைக்கிளின் அருமை எனக்குத் தெரிந்தது. அவரிடம் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். எந்த மதகு எத்தனை அங்குலம் தூக்கினால் எந்தக் கொப்பு வாய்க்காலுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் போய்ச் சேரும் என்று மனப்பாடமாக வைத்திருக்கிறார். ராத்திரியில் தண்ணீர்ச் சத்தத்தை வைத்தே எங்கே கரை கசிகிறது என்று கண்டுபிடிப்பாராம். அவருக்குச் சைக்கிள் ஓட்டக் கரை வேண்டும். அவர் ஓட்டுகிற கரையில் நான் ஓட்டினால் என்ன கெட்டுவிடும்?

மூன்றாம் நாள் காலிங்கராயன். 1271இல் ஆரம்பித்து 1283இல் முடித்த அணையும் வாய்க்காலும், 15,743 ஏக்கர் பாசனம், இன்றைக்கும் ஓடுகிறது. வெள்ளோட்டுக் காலிங்கராயன், தன் சொந்தக் காட்டுக்காகத்தான் வாய்க்கால் வெட்டினான் என்று ஊர் பேசியதைக் கேட்டு, இந்தத் தண்ணீரை என் வம்சம் தொடாது என்று சொல்லிவிட்டு ஊத்துக்குளிக்குக் குடிபெயர்ந்து போனான் என்பது நாங்கள் சின்ன வயதில் கேட்ட கதை. ஊத்துக்குளி என்றால் வெண்ணெய் ஊத்துக்குளி அல்ல, பொள்ளாச்சிப் பக்கத்து ஜமீன் ஊத்துக்குளி. பாம்பு போன தடத்தைப் பார்த்து வாய்க்கால் வெட்டினான் என்றும் சொல்வார்கள். சைக்கிளில் போய்ப் பார்த்தால் அந்தக் கதையைக் கட்டினவன் பொய் சொல்லவில்லை என்று தெரியும், அத்தனை நெளிவு. ஒரு வேப்பமரத்தை முதலில் இடது பக்கம் பார்த்தோம், கால் மணி கழித்து அதே மரம் வலது பக்கம் நிற்கிறது.

என் மாப்பிள்ளை, அவன் கம்பெனியில் பனியன் வாங்குகிற பிரான்ஸ் நாட்டுப் பையர் ஒருவர் காட்டிய போட்டோக்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தான். அங்கே கனால் து மிதி என்று ஒரு கால்வாய், 240 கிலோமீட்டர், 1681இல் முடித்தது. படகைக் குதிரை கட்டி இழுத்துப் போவதற்காகக் கரையில் பாதை விட்டிருக்கிறார்கள், குதிரை போன பிறகு அந்தப் பாதை சைக்கிள்காரர்களுக்கு ஆகிவிட்டது. உலகம் முழுக்க இருந்து சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்களாம், 1996இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. எங்கள் காலிங்கராயன் அதைவிட நானூறு வருடம் மூத்தது என்றேன். "அங்க கரையில பீர் பாட்டில் ஓடைச்சுப் போட மாட்டாங்க மாமா" என்றான். அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அப்போதுதான் அவனுடைய மூன்றாவது பஞ்சருக்கு நான் பேட்ச் ஒட்டிக்கொண்டிருந்தேன், கண்ணாடிச் சில்லு. இன்னொன்றும் சொன்னான். அந்தக் கால்வாய்க் கரையில் 42 ஆயிரம் பிளேன் மரம் வரிசையாக நின்றதாம், 2006இலிருந்து ஒரு பூஞ்சைக் காளான் நோய் வந்து ஆயிரக்கணக்கில் வெட்டும்படி ஆகிவிட்டது, திரும்ப வேறு மரமாக நட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நோய் வந்து மரம் போனது, நமக்கு டெண்டர் வந்தாலே போய்விடுகிறது.

ஈரோட்டு நகரத்துக்குள் காலிங்கராயன் படுகிற பாட்டை நான் எழுதி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. தோல், சாயம், சாக்கடை. கழிவு வாய்க்காலில் கலக்காமல் இருக்க ஓரமாகப் 'பேபி வாய்க்கால்' என்று ஒன்று கட்டினார்கள். நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்து ஓட்டினோம். கோழிக்கழிவு மூட்டை வேறு. நகரம் தாண்டி வெண்டிபாளையம் போன பிறகுதான் மூச்சு விட்டேன். நான் பிறந்த ஊர், வெட்கமாக இருந்தது, மாப்பிள்ளை ஒன்றும் சொல்லாமல் வந்தான், திருப்பூர்க்காரன், நொய்யலைப் பார்த்தவன், அவனால் என்ன சொல்ல முடியும்.

அதற்கப்புறம் பாசூர், ஊஞ்சலூர் என்று கொடுமுடி வரைக்கும் வருகிற வழி இருக்கிறதே, அது ஒன்றுக்காகவே மற்ற இரண்டு நாளையும் மன்னிக்கலாம். ஒரு பக்கம் காவிரி, ஒரு பக்கம் வாய்க்கால், நடுவில் மஞ்சள் வெட்டுகிற ஆட்கள். மஞ்சளை நான் முப்பது வருடம் மூட்டையாகவும் ரூபாயாகவும்தான் பார்த்தேன். வேக வைத்துக் களத்தில் கொட்டிக் காயப் போட்டிருக்கிற மஞ்சளை, அதன் ஈர வாசனையோடு, வெயில் சாயும் நேரத்தில் கரை மேலிருந்து பார்த்தது இப்போதுதான். கிழங்கு ரூபாயாக ஆவதற்கு முன்னால் எப்படி இருக்கும் என்று பார்த்த மாதிரி இருந்தது. பொழுது இறங்க மகுடேசுவரர் கோயில் கோபுரம் தெரிந்தது. காவிரி அங்கே கிழக்கே திரும்புகிறது. நாங்கள் மேற்கே திரும்பி டீக்கடைக்குப் போனோம்.

இந்தப் பயணத்துக்கு மார்கழியும் தையும் நல்ல மாதம். ஆடியிலும் போகலாம், அப்போது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும், பவானியிலிருந்து கொடுமுடிக்கு மிதிக்காமலே வந்துவிடலாம் போல இருக்கும். ஆனால் அதே ஆடியில் பொள்ளாச்சிப் பக்கம், உடுமலைப் பக்கம் பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம்-ஆழியாறு திட்ட வாய்க்கால் ஓரமாக மேற்கே பார்த்து ஓட்டிப் பார்க்காதீர்கள். பூளவாடிப் பக்கம் காற்றாலைகளை ஏன் அங்கே கொண்டுபோய் நட்டார்கள் என்று முழங்காலுக்குத் தெரிந்துவிடும். நான் ஒரு தடவை போய் நாலு மணி நேரத்தில் இருபது கிலோமீட்டர் போனேன், அதிலும் பாதி இறங்கித் தள்ளியது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை, அதை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் யாராவது இதைப் படித்துவிட்டுச் சைக்கிள் டிராக் போடுகிறோம் என்று கிளம்பிவிடுவார்கள். சைக்கிள் டிராக் வேண்டாம். தார் வேண்டாம், பேவர் பிளாக் வேண்டாவே வேண்டாம், ஐ லவ் காலிங்கராயன் என்று பல்பு போட்ட எழுத்தும் வேண்டாம். தார் போட்டால் மறுநாளே கார் வரும், கார் வந்தால் பாட்டில் வரும். மண் பாதை மண் பாதையாகவே இருக்கட்டும், மழை அரித்த இடத்தில் இரண்டு கூடை கிராவல் கொட்டினால் போதும், தண்ணீர் திறப்பதற்கு முன்னால் எப்படியும் கரை வேலை நடக்கிறது, அதோடு வேலிக்காத்தானையும் ஓரம் வெட்டிவிட்டால் என் மாப்பிள்ளை புண்ணியமாகப் போகட்டும் என்று வாழ்த்துவான். குறுக்கே குழாய் போடுகிற இடத்தில் ஓரமாக ஒரு முழம் சந்து விடுங்கள். டிப்பர் நுழையாது, சைக்கிள் நுழையும். ஒவ்வொரு பாலத்திலும் இது எந்த வாய்க்கால், எத்தனையாவது மைல், அடுத்த ஊர் எது என்று கருப்புப் பெயிண்டில் எழுதி வைக்கலாம். பல மதகுகளில் மைல் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது, அழிந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான்.

கான்கிரீட் போட்ட இடங்களில் இன்னொரு விஷயம், இது சைக்கிளுக்காக மட்டும் இல்லை. சரிவு வழவழவென்று பாசி பிடித்திருக்கிறது. மண் கரையில் விழுந்தவன் புல்லையோ வேரையோ பிடித்து ஏறுவான், கான்கிரீட்டில் விழுந்தவன் எதைப் பிடிப்பான்? நீச்சல் தெரிந்தவர்களே போயிருக்கிறார்கள். அங்கங்கே படியோ, பிடித்து ஏற இரும்பு வளையமோ வேண்டும். துணி துவைக்கிற பெண்கள், எருமை கழுவுகிற பையன்கள், எல்லாருக்கும் வேண்டும்.

ரயில் விஷயம் தனி. கொடுமுடியிலிருந்து ஈரோட்டுக்குத் திரும்பி வர ரயிலைவிட வசதி ஏது, ஆனால் ஒரு நிமிடம் நிற்கிற வண்டியில் சைக்கிளை எங்கே ஏற்றுவது? பெரிய ஸ்டேஷனில் லக்கேஜ் புக் செய்து வேனில் ஏற்றலாம், சின்ன ஸ்டேஷனில் அதற்கு ஆளும் இல்லை நேரமும் இல்லை. பாசஞ்சர் வண்டியில் கடைசிப் பெட்டியில் நாலு சைக்கிள் நிறுத்த ஒரு கொக்கி போட்டுக் கொடுத்தால் பால்காரர்களும் வாழ்த்துவார்கள். அன்றைக்கு நாங்கள் ஒரு குட்டியானைக்காரரிடம் பேரம் பேசி, வாழைத்தார் மேல் சைக்கிளைப் படுக்கப் போட்டு, நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். வீட்டுக்காரம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "மூணு நாள் சைக்கிள்ல போனீங்களா, வாழைத்தார் ஏவாரத்துக்குப் போனீங்களா?" என்று கேட்டார்.

கடைசியாக ஒன்று. சுற்றுலா என்று நான் எழுதிக்கொண்டிருந்தாலும், கரையில் எங்களோடு சைக்கிளில் வந்தவர்கள் யாரும் சுற்றுலாவுக்கு வரவில்லை. அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிளஸ் ஒன் பெண்கள், அவர்களில் சிலர் பஸ் ரோட்டில் லாரிக்குப் பயந்தே கரை வழியாக வருகிறோம் என்றார்கள். கேன் கட்டின பால்காரர், தறிக்குப் போகிறவர்கள், ஆட்டுக்குத் தழை ஒடிக்க வந்தவர்கள். நான் வருடத்துக்கு மூன்று நாள் போகிறவன், அவர்கள் தினமும். அந்தச் சங்கிலிக்குக் கீழே குனிந்து, சைக்கிளைப் படுக்கப் போட்டு இழுத்துக்கொண்டு, புத்தகப் பையோடு ஒரு பெண் போனதை நான் பார்த்தேன். பழக்கப்பட்ட கை, பத்து விநாடிகூட ஆகவில்லை.

ஆடி பதினெட்டு கழித்து, கீழ்பவானியில் தண்ணீர் விட்ட பிறகு நானும் மாப்பிள்ளையும் மறுபடியும் போகிறோம், இந்தத் தடவை நசியனூர்ப் பக்கம் ஆரம்பித்துச் சென்னிமலை வழியாகக் கடைமடை வரைக்கும். அவன் அகலமான டயர் போட்டுக்கொண்டுவிட்டான். பெல்லும் வாங்கிவிட்டான். உங்கள் நிருபர் யாராவது வருவதாக இருந்தால் சொல்லி அனுப்புங்கள், என்னிடம் இன்னொரு 22 இஞ்ச் சைக்கிள் சும்மா நிற்கிறது, டியூப் மட்டும் மாற்ற வேண்டும்.

இப்படிக்கு,
ஈரோட்டிலிருந்து ஒரு வாசகன்